ஈட்டு மரபில் இன்பமும் பொருள்கோளும்: திருவாய்மொழி 2.3ஆம் பதிகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சமய நூலை வாசிக்கையில் எழும் இன்பம் வாசிப்பவரின் தனிப்பட்ட உணர்ச்சி என்றும், பொருள் கண்ட பின்னர் வந்து சேரும் உபரி என்றும் கருதி, ஆய்வுகள் அதனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு எழுந்த உரை மரபில், சிறப்பாக ஈடு முப்பத்தாறாயிரப்படியில், இன்பம் அவ்வாறு பின்னால் வருவதன்று. பொருளைத் தெரிவு செய்யும் அளவுகோல்களுள் ஒன்றாக அது செயல்படுகிறது. இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரம் பற்றித் திருமாலையாண்டானுக்கும் இராமாநுசருக்கும் நேர்ந்த கருத்து வேறுபாட்டை மையமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருவாய்மொழி, ஈடு, அனுபவம், பொருள்கோள், கொண்டுகூட்டு, சங்கதி, காலட்சேபம்

முன்னுரை

திருவாய்மொழி 1102 பாசுரங்களைக் கொண்டது. பத்துப் பத்துகள், பத்துக்குப் பத்துத் திருவாய்மொழிகள் என நூறு பதிகங்கள். ஒரு பதிகம் தவிர மற்றவை பதினொரு பாசுரங்களால் ஆனவை. திருமாலின் பன்னிரு பெயர்களைப் பாடும் பதிகம் மட்டும் பதின்மூன்று பாசுரங்களைப் பெற்றது. நூல் முழுவதும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டுள்ளது. வைணவ மரபு இதனைத் திராவிட வேதம் எனப் போற்றுகிறது. வடமொழி மறைக்கு நிகராக ஒரு தமிழ் நூலை வைத்து, அந்த நிகர்நிலையை நிறுவுவதற்கென்றே ஐந்து பேருரைகளைக் கண்ட மரபு இது. பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிய ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரப்படி என்பன அவை. 'படி' என்பது முப்பத்திரண்டு எழுத்துகள் கொண்ட கிரந்த அளவு.

இவ்வுரைகளைத் தமிழாய்வு பல வகையில் பயன்படுத்தி வந்துள்ளது. மணிப்பிரவாள நடையின் வளர்ச்சிக்குச் சான்றாக, இடைக்காலப் பேச்சு வழக்குக்குக் களஞ்சியமாக, திருவரங்கத்துச் சமூக வாழ்வின் சிதறிய பதிவுகளாக அவை படிக்கப்படுகின்றன. இவை யாவும் தேவையான பணிகளே. ஆயினும் ஈட்டினைத் தகவல் சுரங்கமாக மட்டும் காண்பவருக்கு அவ்வுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள ஒன்று கண்ணில் படுவதில்லை. உரையாசிரியர் மகிழ்கிறார், ஒரு சொல்லின் முன் நின்று, நகர மனமின்றித் திரும்பத் திரும்ப அதனைச் சுவைக்கிறார். இதனைப் பக்தி மிகுதி என்று கடந்து செல்லலாமா, அன்றி உரைமுறையின் ஒரு கூறாகக் கொள்ள வேண்டுமா என்பதே இங்கு எழும் வினா.

அனுபவம் என்னும் கலைச்சொல்

இன்றைய தமிழில் 'அனுபவம்' என்பது பட்டறிவைக் குறிக்கும். உரை மரபில் அதன் பொருள் வேறு. இறைவனின் குணங்களை உள்ளத்தால் துய்த்தலே அங்கு அனுபவம். ஆழ்வார் இறைவனை அனுபவிக்கிறார். உரையாசிரியர் ஆழ்வாரின் அனுபவத்தை அனுபவிக்கிறார். காலட்சேபத்தில் அமர்ந்து கேட்போர் உரையாசிரியர் வழியே இரண்டையும் அனுபவிக்கின்றனர். காலட்சேபம் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் காலம் போக்குதல் என்பதே. வேறு துறையில் சொன்னால் குறையாகத் தோன்றும் சொல், இம்மரபில் கல்வியின் உயர்ந்த வடிவத்திற்குப் பெயராயிற்று. அவ்வாறே 'சேவித்தல்' என்ற வினையும் கருதத்தக்கது. திருமுன் நின்று பெருமாளைக் காண்பதும் சேவித்தல். பிரபந்தத்தை ஓதுவதும் சேவித்தல். கண்ணுக்கும் நாவுக்கும் ஒரே வினை.

ஈடு என்ற பெயருக்கும் விளக்கங்கள் பல உண்டு. சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகைக்கு அளவில் ஒப்பானது என்பது ஒன்று; ஈடுபாடு என்பது மற்றொன்று. முன்னது நூலின் பருமனைச் சொல்கிறது. உரையைத் தொடர்ந்து வாசிப்பவருக்குப் பின்னதே பொருத்தமாகப் படும்.

மூலத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில், இறைவன் தன்னைக் கருவியாகக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என ஆழ்வார் வியந்து, அதற்குக் கைம்மாறு காணாமல் திகைக்கிறார். தம் பாடலைத் தாமே முதலில் கேட்டவராக அவர் தம்மைக் கருதுகிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். கவிஞனே முதல் வாசகனாகி மகிழும் நூலில், பின்வரும் வாசகர்களின் மகிழ்ச்சியைப் புறத்திலிருந்து ஒட்டியதாகக் கொள்வது கடினம். முதற் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் வெண்ணெய் களவில் உரலோடு கட்டுண்ட கண்ணனின் எளிமையை நினைத்த ஆழ்வார் ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என மரபு கூறும். இதன் வரலாற்றுண்மையை இங்கு ஆராய வேண்டுவதில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஆறு மாத மௌனத்தைக் கற்பனை செய்யும் மரபு எத்தகைய வாசிப்பு வேகத்தை எதிர்பார்க்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

அறியாக் காலம்: ஒரு பாசுரம், இரு வாசிப்புகள்

இராமாநுசர் திருவாய்மொழிப் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்டார். ஆண்டான் ஆளவந்தாரின் நேர் மாணவர். தம் ஆசிரியர் சொன்ன பொருளைச் சொல் பிசகாமல் ஒப்படைப்பதே தம் கடமை எனக் கருதியவர். இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் மூன்றாம் பாசுரத்துக்கு வந்தபோது இருவருக்கும் கருத்து வேறுபட்டது.

அப்பாசுரத்தின் நான்கு அடிகளும் 'அறியா' என்றே தொடங்குகின்றன. முதல் இரண்டடிகளில் மூன்று செய்திகள் உள்ளன. அறிவு வராத பருவத்திலேயே அடிமையில் அன்பு பிறக்கச் செய்தாய் என்பது ஒன்று. அறியாமையை விளைக்கும் பெருமாயையில் அடியேன் இருக்கிறேன் என்பது இரண்டு. இவற்றை முடிக்கும் வினைமுற்று, 'வை' என்னும் பகுதியிலிருந்து பிறந்தது. அதன் இறுதியில் 'ஆல்' என்ற இடைச்சொல் நிற்கிறது. பின்னிரண்டடிகள், வாமனனாக வந்து மாவலியை வஞ்சித்ததையும் ஆழ்வாரின் உயிரோடு இறைவன் கலந்ததையும் கூறுகின்றன.

ஆண்டான் சொற்களை அவை நின்ற வரிசையிலேயே எடுத்துக்கொண்டார். அன்பைப் பிறப்பித்துவிட்டு, அதன் பின்னும் என்னை இம்மாயையில், அதாவது உடற்பிணிப்பில், வைத்தாயே என்பது அவர் கொண்ட பொருள். வினைமுற்று தனிவினை; 'ஆல்' இரக்கம் தோன்ற நிற்பது; பாசுரம் ஒரு முறையீடு. இராமாநுசர் இதனை ஏற்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் எல்லாம் மகிழ்ச்சியாலே செல்லும்போது நடுவில் இஃது ஒன்று மட்டும் துயரமாக அமைவது பொருந்தாது என்பது அவர் கூறிய காரணம். மாயையில் கிடந்த அடியேனுக்கு, அறியாப் பருவத்திலேயே அடிமையில் அன்பைச் செய்வித்து வைத்தாயே என அவர் சொற்களைக் கூட்டினார். இப்போது அதே வினை துணைவினையாகி, அன்பைச் செய்வித்து நிலைபெறுத்தியதைக் காட்டுகிறது, 'ஆல்' வியப்பைத் தருகிறது, பாசுரம் நன்றியாகிவிடுகிறது.

இதில் மறைக்க வேண்டாத ஓர் உண்மை உண்டு. இலக்கணப் போக்கில் பார்த்தால் ஆண்டானின் வாசிப்பே இயல்பானது. அது ஆற்றுநீர்ப் பொருள்கோள். சொற்கள் ஓடும் திசையிலேயே பொருளும் ஓடுகிறது. இராமாநுசர் இரண்டாம் அடியின் சொற்களை முதலடிக்கு முன்னே கொணர்ந்து கூட்ட வேண்டியிருக்கிறது. நன்னூல் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் கொண்டுகூட்டு இடம்பெறுவதால் இலக்கண வழு இதில் இல்லை. எனினும் இயல்பான வழி ஒன்று திறந்திருக்கையில் அதனை விடுத்துக் கொண்டுகூட்டுக்குச் செல்வதற்குத் தக்க காரணம் வேண்டும். இங்கு அக்காரணம் பதிகத்தின் மெய்ப்பாடு. ஒரு பாசுரத்தின் தொடரமைப்பைப் பதிகம் முழுவதிலும் பரவியுள்ள உவகை தீர்மானிக்கிறது. இன்பம் பொருள் கண்ட பின் எழும் உணர்ச்சியாக மட்டும் இருந்தால் இது நிகழ இயலாது.

பின்னிரண்டடிகளை இராமாநுசரின் வாசிப்பு எளிதில் உள்வாங்கிக்கொள்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். உயிரோடு கலந்த கலவியைப் பேசும் ஈற்றடி, முறையீட்டுக்குப் பின் வந்தால் சற்றே தனித்து நிற்கும். நன்றிக்குப் பின் வந்தால் அதன் நிறைவாகிறது. மாவலி அறியாமலே அவனிடமிருந்து உலகு கொள்ளப்பட்டது போல, ஆழ்வார் அறியாமலே அவருக்கு அன்பு கொடுக்கப்பட்டது. நான்கு 'அறியா'வும் ஒரே திசையில் திரும்புகின்றன. இது உரைகள் கூறும் காரணமன்று, இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆசிரியர் கோபமும் அதன் தீர்வும்

குருபரம்பரை நூல்கள் கூறும் எஞ்சிய கதையும் ஆய்வுக்குப் பயன்படுவதே. இப்புதுப்பொருளைக் கேட்ட ஆண்டான், இது விசுவாமித்திரர் படைத்த புது உலகம் போன்றது, ஆளவந்தார் சொல்ல நான் கேட்டதில்லை என்று கூறிப் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி செய்தி அறிந்து வந்து, இராமாநுசர் சொன்ன பொருளை ஆளவந்தாரே அருளியதைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார். சாந்தீபனியிடம் கண்ணன் கற்றது போன்றதே இவர் உம்மிடம் கற்பதும் என அவர் எடுத்துரைக்க, ஆண்டான் பாடத்தைத் தொடர்ந்தார்.

ஆண்டானைப் பிடிவாதக்காரராக மட்டும் காண்பது நியாயமாகாது. எழுத்தில் ஏறாத பொருளைக் காத்து அடுத்த தலைமுறைக்குத் தரும் பொறுப்பு அவருடையது. மாணவர் ஒவ்வொருவரும் தமக்கு இனித்த பொருளைச் சொல்லத் தொடங்கினால் மரபு என்னாகும் என்ற அச்சம் பொருளற்றதன்று. நம்பியின் தீர்ப்பும் இவ்வச்சத்தை மதித்தே அமைந்தது. புதுப்பொருள் இனியது என்பதனால் மட்டும் அவர் அதனை ஏற்கவில்லை. ஆளவந்தாரிடம் கேட்ட பொருள் என்பதனால் ஏற்றார். ஆகவே இங்கு இன்பம் தனியதிகாரம் பெறவில்லை. அது பொருளைத் தேடும் திசையைக் காட்டுகிறது. பதிகச் சூழலும் இலக்கண இசைவும் கேள்வி மரபும் அதனை உறுதிசெய்கின்றன. பனுவலின் இன்பம் குறித்து ரோலான் பார்த் 1973இல் எழுதியவற்றோடு இதனை ஒப்பிட விரும்புவோர் இந்த வேறுபாட்டை மறத்தலாகாது. பார்த்தின் வாசகர் தனியர். ஈட்டின் வாசகர் கோஷ்டியில் ஒருவர்.

ஆட்டமும் வாட்டமும்

பதிகத்தின் மெய்ப்பாடு பொருளைத் தீர்மானிக்கிறது எனில், துயரப் பதிகங்களில் வாசிப்பின்பத்திற்கு இடம் ஏது என்ற ஐயம் எழும். அதற்கு விடை அடுத்த பதிகத்திலேயே கிடைக்கிறது.

மேற்கண்ட மூன்றாம் திருவாய்மொழி, அடியார் குழாத்தோடு கூடும் நாள் என்றோ என்ற ஏக்கத்தை எட்டி, அடியார்களைக் கூடி நின்று ஆடச் சொல்லி முடிகிறது. அந்தாதி முறைப்படி நான்காம் திருவாய்மொழி 'ஆடு' என்ற அதே வினையைக் கொண்டு தொடங்குகிறது. ஆனால் இப்போது ஆடுபவள் பிரிவாற்றாத தலைமகள். அவள் நிலைகண்டு வருந்தித் தாய் பேசுகிறாள். முதலாவது களிப்பில் ஆடுவது, இரண்டாவது நிலைகொள்ளாமல் அலமருவது. ஒரே சொல் இரு பதிகங்களின் எல்லையில் நின்று முகம் மாறிவிடுகிறது.

உரை மரபு இம்மாற்றத்தைச் சங்கதி என்ற உத்தியால் விளக்குகிறது. இறைவனை அனுபவித்த இன்பம் பெருகவே, அதனைப் பகிர்ந்துகொள்ள அடியார் குழாத்தை ஆழ்வார் விரும்பினார். அக்கூட்டம் அப்போதே வாய்க்கவில்லை. அதனால் துயர் விஞ்சி, தம் நிலை திரிந்து பெண்ணிலை எய்தித் தாய் வாயால் பேசலானார். துயருக்குக் காரணம் இன்பக் குறைவன்று, துணையின்றி இன்பம் தாங்கவொண்ணாமை. இந்த விளக்கம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தனியே படித்து மகிழ்ந்த ஒன்றைச் சொல்ல ஆளின்றித் தவித்தவர் எவரும் இதனை விளக்கமின்றியே அறிவர்.

திருவாய்மொழியில் இத்தகைய பெண்ணிலைப் பதிகங்கள் இருபத்தேழு: தாய் பேசுவன ஏழு, தோழி பேசுவன மூன்று, தலைமகள் பேசுவன பதினேழு. நூலில் கால்பங்குக்கும் மேற்பட்ட இப்பகுதியை ஈடு குன்றாத ஈடுபாட்டுடனேயே விரித்துரைக்கிறது. அகத்திணை மரபில் பயின்ற தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. பிரிவும் இரங்கலும் அங்கும் சுவைக்கப்பட்டவையே. வேறுபாடு யாதெனில், அகப்பாடலின் வாசகர் தலைவியின் துயரைப் புறத்தே நின்று சுவைக்கிறார். ஈட்டின் உரையாசிரியரோ அத்துயர் தமக்கும் வந்திலதே என்ற ஏக்கத்தோடு சுவைக்கிறார். ஆகவே இங்கு 'இன்பம்' என்பதை மனத்துக்கு இதமான உணர்ச்சி எனக் குறுக்கிவிடலாகாது.

மாற்றுப்பொருளை வைத்திருத்தல்

ஈட்டின் நடையை அறிந்தோர்க்கு 'அன்றிக்கே' என்ற சொல் மிகப் பழகியது. ஒரு தொடருக்குப் பொருள் உரைத்தபின், அன்றிக்கே என்று தொடங்கி மற்றொரு பொருள் தரப்படும். 'என்னுதல்' என்று அடுக்கி இரண்டு மூன்று கருத்துகளை ஒருசேர நிறுத்துவதும் உண்டு. தருக்க நூலுரைகளில் எதிர்த்தரப்பு மறுக்கப்படுவதற்காகவே எடுத்துரைக்கப்படும். ஈட்டிலோ மாற்றுப்பொருள்கள் பல இடங்களில் மறுப்பின்றி அருகருகே இருக்கின்றன. பட்டர் ஒன்று சொன்னார், நஞ்சீயர் ஒன்று கேட்டார் என அவற்றோடு ஐதிகங்களும் வந்து சேர்கின்றன. வான்மீகத்திலிருந்து இணைச்சூழல்கள் திரண்டு நிற்கின்றன.

பொருள் ஒன்றே என்று முடிவு கட்டுவது ஆய்வின் இலக்கு எனக் கொள்வோருக்கு இது தளர்வாகத் தோன்றக்கூடும். ஆனால் ஒருமுறை முடிந்துபோகும் வாசிப்பில் திரும்பி வருவதற்கு ஏதுமில்லை. மார்கழி–தை அத்யயன உற்சவத்தில் இராப்பத்தின் பத்து இரவுகளில் ஆண்டுதோறும் இந்நூல் சேவிக்கப்படுகிறது. திருவரங்கத்தில் அரையர்கள் இசையும் அபிநயமும் உரையுமாக இதனை நிகழ்த்துகின்றனர். ஆண்டுதோறும் திரும்பி வரும் நூலுக்கு, மிச்சம் வைக்கும் உரைமுறையே ஏற்றது.

நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி குறித்த கதையை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவ்வுரையைப் படியெடுக்குமாறு நம்பூர் வரதராசரிடம் நஞ்சீயர் ஓலைகளைத் தந்தார். அவர் காவிரியைக் கடக்கையில் ஓலைகள் ஆற்றோடு போயின. வரதராசர் கேட்டிருந்ததை நினைவிலிருந்து எழுதி முடித்தார்; எழுதுகையில் தமக்குத் தோன்றிய நயங்களும் இடையிடையே சேர்ந்துகொண்டன. வாசித்த நஞ்சீயர் வேறுபாட்டைக் கண்டுகொண்டு காரணம் கேட்டார். நடந்ததை அறிந்ததும் சினவாமல், நம் பிள்ளை என்று தழுவிக்கொண்டார். நம்பிள்ளை என்ற பெயர் நிலைத்தது இவ்வாறே என்பர். ஆண்டானின் கோபத்தையும் நஞ்சீயரின் தழுவலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சில தலைமுறைகளில் ஒரு மரபு தன் வாசிப்பு முறையில் அடைந்த துணிவு புலனாகும். மூலத்தின் நூலறுந்துபோகாமல் அதில் கூட்டக் கற்றவன் மகிழ்ச்சிக்குரியவன் என்ற நிலைக்கு அது வந்துவிட்டது.

ஆய்வாளர் முன்னுள்ள சிக்கல்

ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் பிள்ளானின் உரை குறித்து 1989இலும், பிரான்சிஸ் குளூனி திருவாய்மொழியும் அதன் உரைகளும் குறித்து 1996இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள் உரையோடு சேர்த்து மூலத்தை வாசிக்கும் வழியை உலக ஆய்வரங்கில் திறந்துவைத்தன. தமிழில் பு.ரா. புருஷோத்தம நாயுடுவின் ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. மணிப்பிரவாளத்தில் பயிற்சியில்லாத மாணவருக்கும் ஈடு இன்று எட்டாததன்று.

ஆயினும் பாடத்திட்டத்தில் திருவாய்மொழி வரும்போது ஒரு பதிகம், அருஞ்சொற்பொருள், கருத்துரை என்ற அளவில் நின்றுவிடுகிறது. பதிகத்தைத் தனியே பெயர்த்தெடுத்தால் சங்கதி அறுபடுகிறது. சங்கதி அறுபட்டால், 2.3.3இல் ஆண்டானின் வாசிப்பை விடுத்து இராமாநுசரின் வாசிப்பைத் தேர்வதற்கான காரணமே மாணவருக்குத் தெரியாது போகிறது. நம்பிக்கையாளரின் மகிழ்ச்சியை நம்பிக்கையில்லாத ஆய்வாளர் நடிக்க வேண்டுவதில்லை. அம்மகிழ்ச்சி எந்தச் சொல்லை எந்தச் சொல்லோடு கூட்டிற்று, எந்த இடைச்சொல்லுக்கு எப்பொருளைத் தந்தது என்று காட்டுவது நம்பிக்கையைக் கோருவதன்று. உரையைக் கவனமாக வாசிப்பதையே கோருவது.

வகுப்பறையில் இதற்கு 2.3.3ஐப் போன்ற பாசுரம் அரிது. முதலில் உரையின்றிப் பாசுரத்தை மட்டும் தந்து பொருள் கேட்டால், மாணவர் பலர் சொற்கள் நின்ற வரிசையில் சென்று ஆண்டானின் பொருளுக்கே வரக்கூடும். பின்னர் பதினொரு பாசுரங்களையும் உரக்க வாசித்துவிட்டு அதே பாசுரத்துக்குத் திரும்பச் சொல்லலாம். ஈடு இவ்விடத்தில் முன்னோர் கூறிய பொருளையும், அதனைக் கேட்டு இராமாநுசர் கூறிய பொருளையும் இரண்டாகவே பதிந்து வைத்திருக்கிறது. ஏற்கப்படாத ஆண்டானின் வாசிப்பை அது அழித்துவிடவில்லை.